ஸ்கேனுக்கு முன்னால் நாட்காட்டி

வளரிளம் பருவத்து மூளையில் போதைப்பொருள் என்ன செய்கிறது என்று ஆராய விரும்பும் இளம் மருத்துவர்கள், என்னிடம் முதலில் கேட்பது மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றித்தான். நானோ ஒரு வெற்று நாட்காட்டியை நீட்டுவேன்.

முதல் சந்திப்பில் பெற்றோர் உடனிருக்கும்போதே ரகசிய விதியைச் சொல்லிவிடுங்கள்: இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு பெற்றோரை வெளியே அனுப்புங்கள். பயிற்சிக் காலத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். 16 வயதுப் பையன் மனம் திறந்து எல்லாம் சொன்ன பிறகு விதிவிலக்கை விளக்கினேன். அடுத்த முறை அவன் வரவில்லை.

"மாதத்தில் எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது. தேர்வு, பிறந்தநாள், விளையாட்டுப் போட்டி என்று நினைவில் நிற்கும் நாட்களை அவர்களையே குறிக்கச் சொல்லி, அங்கிருந்து ஒவ்வொரு நாளாக 30 நாட்கள் பின்னோக்கிப் போங்கள். என்ன, எவ்வளவு, யாருடன்? சிறுநீர்ப் பரிசோதனை இந்த வேலையைச் செய்யாது. தினமும் கஞ்சா புகைத்தவருக்கு, நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம்.

இனிதான் உண்மையான தலைவலி: பழக்கமா, மூளையில் தெரியும் மாற்றமா, எது முதலில் வந்தது? திட்டமிடலையும் தன்னடக்கத்தையும் கவனிக்கும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிந்துபோகும் காலம் அது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும், நரம்புச் செல்களில் உள்ள சிபி1 ஏற்பிகள் அந்த வளர்ச்சியிலும் பங்கு வகிப்பவை. ஆகவே சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகம் சான்றாகிவிடாது. நியூசிலாந்தின் டனீடினில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்த ஆய்வு, பதின்வயதில் தொடங்கி நெடுங்காலம் கஞ்சாவை விடாதவர்களுக்கு நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) குறைந்ததாக 2012இல் சொன்னது. 2016இல் வெளிவந்த இரட்டையர் ஆய்விலோ, பயன்படுத்தியவருக்கும் பயன்படுத்தாத உடன்பிறப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடும்பச் சூழலும் மரபணுவும் குறுக்கே நிற்கின்றன.

அதனால் பழக்கம் தொடங்கும் முன்பே அளக்க ஆரம்பியுங்கள். வளரும் மூளையைப் பல ஆண்டுகள் பின்தொடரும் அமெரிக்காவின் ஏபிசிடி ஆய்வு 9, 10 வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 12,000 பேரைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான். அவ்வளவு பணம் உங்களிடம் இருக்காது. உடன்பிறப்புகளைச் சேர்க்கலாம். உறக்கம், மனச்சோர்வு, கவனக்குறைவு ஆகியவற்றை ஒவ்வொரு சந்திப்பிலும் பதியலாம். சலிப்பான வேலைதான், ஆனால் கட்டுரையைக் காப்பாற்றுவது அந்தப் பதிவுகள்தாம்.

வாரத்தில் ஒரு நாளாவது நோயாளிகளைப் பாருங்கள். "என் மகனின் மூளை கெட்டுவிட்டதா, ஸ்கேனில் தெரியுமா?" என்று ஒரு தாய் கேட்பார். தெரியாது என்று நேராகச் சொல்லுங்கள். நாம் கண்டவை குழுச் சராசரிகள், ஒருவனின் படத்தில் படித்துவிட முடியாதவை. பிறகு அவனோடு உட்கார்ந்து, அடுத்த மாதத்து நாட்காட்டியை விரியுங்கள்.