புது டைரி வாங்கும் முன் பழைய டைரியைத் திறந்து பாருங்கள்

டிசம்பர் பிறந்ததும் ஸ்டேஷனரி கடைகளின் முன்வரிசைக்கு டைரிகள் வந்துவிடும். அட்டையைத் தடவிப் பார்ப்போம், நிறம் பிடித்திருந்தால் வாங்கிவிடுவோம். ஜனவரி முதல் பத்து நாள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்புறம் பொங்கல் லீவு. ஊருக்குப் போகும்போது டைரி வீட்டிலேயே தங்கிவிடும். திரும்பி வந்து திறந்தால் ஆறேழு பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்த்ததும் எழுதும் ஆசையே போய்விடும்.

பலர் இதைத் தங்கள் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் நாள் ஒரு மாதிரி ஓடுகிறது, நாம் வாங்கிய டைரி வேறு மாதிரி நாளுக்காக அச்சடிக்கப்பட்டிருக்கிறது. நமக்கு எது பொருந்தும் என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. முடிந்துபோகும் வருடத்தின் டைரி சொல்லும். அதைப் பார்க்காமலே கடைக்குப் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய டைரியில் எந்தத் தேதியோடு எழுத்து நின்றது, அந்த வாரம் என்ன நடந்தது என்று பாருங்கள். எழுதிய பக்கங்களில் எத்தனை வரி நிரம்பியிருக்கிறது? எழுதியதெல்லாம் நேரம் குறித்த வேலைகளா, "இன்று முடிக்க வேண்டியவை" என்ற பட்டியலா, கடன் பாக்கிக் கணக்கா, மனதில் பட்டதா? இன்னொன்றும் முக்கியம்: டைரியில் எழுதாத விஷயங்களை எங்கே எழுதினீர்கள்? கரண்ட் பில்லின் பின்பக்கத்திலா, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டீர்களா, சமையலறைக் காலண்டரிலா? கை தானாகப் போன இடம் எதுவோ, அதுதான் உங்களுக்கு ஒத்துவரும் வடிவம்.

என் அம்மா வாழ்க்கையில் டைரி வாங்கியதே இல்லை. மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும். அதன் ஆணியிலேயே நூல் கட்டி ஒரு பென்சில். பால் கூடுதலாக வாங்கிய நாளில் கட்டத்தின் மூலையில் ஒரு சின்னக் கோடு. சிலிண்டர் மாற்றிய நாளில் "சி" என்று ஓர் எழுத்து. சீட்டுப் பணம் கட்டிய நாளில் தேதியைச் சுற்றி வட்டம். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பால்காரரிடம் கணக்குப் பேசுவார். போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று தாளைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். பன்னிரண்டு தாளில் ஒரு வருடம் முழுக்க அடங்கிவிடும். நான் பார்த்ததிலேயே மிக நன்றாகப் பயன்பட்ட பிளானர் அது. கை எட்டும் இடத்தில் இருந்தது, பென்சில் தேட வேண்டியதில்லை, தேவைக்கு மேல் ஒரு கட்டம்கூட அதில் இல்லை.

நாளுக்கு ஒரு பக்கமா, வாரத்துக்கு இரண்டு பக்கமா?

கடையில் பெரும்பாலும் கிடைப்பது நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி. இருபது, இருபத்தைந்து வரி இருக்கும். ஒரு நாளில் மூன்று விஷயம் மட்டும் குறிப்பவருக்கு அந்தப் பக்கம் தினமும் முக்கால்வாசி காலியாகவே நிற்கும். அந்த வெறுமை மெல்ல மெல்ல மனதைத் தளரவைக்கும். அவருக்கு விரித்தால் ஒரு வாரம் முழுக்கத் தெரியும் வாரப் பிளானர் போதும். வியாழக்கிழமை வேலையைத் திங்களன்றே கண் பார்த்துவிடும் என்பது அதில் கூடுதல் நன்மை. நாள் பக்கத்தில் அது நடக்காது. அந்தத் தேதி வந்த பிறகுதான் பக்கம் திறக்கும்.

ஆனால் நாள் பக்கம் இல்லாமல் முடியாதவர்களும் உண்டு. எங்கள் தெருவில் தைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பார். ஆர்டர் வாங்கிய தேதியில் அவர் எதையும் எழுதுவதில்லை. துணி கொடுக்க வேண்டிய தேதியின் பக்கத்துக்குப் போய் ஒரு வரி எழுதுவார்: பெயர், அளவு நோட்டின் பக்க எண், வர வேண்டிய மீதிப் பணம். அப்புறம் மூன்று நாள் முன்னால் உள்ள பக்கத்துக்கு வந்து "வெட்டு" என்று எழுதி அதே பெயரைப் போடுவார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு பக்கத்தில் பதினைந்து வரி ஆகிவிட்டால், அந்தத் தேதிக்குப் புதுத் துணி வாங்க மாட்டார். பக்கத்தைத் திருப்பி, "புதன்கிழமைதாம்மா தர முடியும்" என்று காட்டியே சொல்லிவிடுவார். வாரப் பிளானரின் சின்னக் கட்டத்தில் இது நடக்காது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் எல்லா பிளானருக்கும் பொருந்தும். வேலை முடிய வேண்டிய தேதியை மட்டும் குறித்தால், அந்தத் தேதி அன்று காலையில்தான் பதற்றம் தொடங்கும். தொடங்க வேண்டிய தேதியையும் குறிக்க வேண்டும். பாஸ்போர்ட் முடியும் நாளை எழுதுவது போதாது. பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும். புதுப்பிக்க ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், அந்தக் குறிப்பு முந்தைய வருடத்து டைரியிலேயே இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பள்ளி வருடம் ஜூனில் தொடங்குகிறது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு வருடம் ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. உங்கள் வேலை ஜனவரியில் தொடங்காதபோது ஜனவரி டைரி வாங்கினால், நடு வருடத்தில் எல்லாம் மாறி, பின்பாதி தனி டைரி போல ஆகிவிடும். தேதி அச்சிடாத பிளானரை வாங்கி ஜூனிலிருந்தோ ஏப்ரலிலிருந்தோ நீங்களே தேதி போட்டுக்கொள்வது இவர்களுக்கு நல்லது.

கடையில் நிற்கும்போது

அட்டையை அப்புறம் பார்க்கலாம். முதலில் டைரியை நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். கையை எடுத்தாலும் தட்டையாகக் கிடக்கிறதா? வெறும் பசை போட்டு ஒட்டியவை விறைப்பாக எழுந்து நிற்கும், நடுக்கோட்டுப் பக்கம் எழுத முடியாது, நாலு மாதத்தில் தாள் கழலத் தொடங்கும். நூல் தையல் போட்டது தட்டையாக விழும். ஸ்பைரலும் தட்டையாகவே கிடக்கும். ஆனால் கம்பி கையில் இடிக்கும், இடது கைக்காரர்களுக்கு இன்னும் தொந்தரவு.

அளவில் ஏ5 என்பது 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். மேசையில் வைத்து எழுத வசதி. தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் நாள் பக்கம் உள்ள ஏ5 டைரியை வாங்கினால், ஒரு வாரத்தில் கனம் தாங்காமல் பையிலிருந்து எடுத்து வைத்துவிடுவார். அதில் பாதியான ஏ6 கைப்பைக்குள் அடங்கும்.

தாளுக்கு ஜிஎஸ்எம் என்று ஓர் எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. பால்பாயிண்ட் பேனாவுக்கு 60, 70 போதும். ஜெல் பேனா, மைப்பேனா என்றால் 80-க்கு மேல் பார்ப்பது வழக்கம். ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஜப்பானின் ஹொபோனிச்சி பிளானர்களில் வரும் டோமோயே ரிவர் என்ற தாள் 52 ஜிஎஸ்எம்தான், மைப்பேனா எழுத்தைக்கூட அது நன்றாகத் தாங்கும். தடித்த தாளிலும் மை பஞ்சில் போல ஊறிப் பரவுவது உண்டு. அதனால் உங்கள் பேனாவையே எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, மாதிரிப் பிரதியின் கடைசித் தாளில் ஒரு வரி எழுதிப் பத்து விநாடி கழித்து விரலால் தேயுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் இப்படி நாலைந்து வகையை ஒரே நடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். நிறைய டைரிகள் அலுவலகத்துக்காகவே அச்சடிக்கப்படுகின்றன. சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரே பக்கம்தான் கொடுத்திருப்பார்கள். கல்யாண வேலை செய்கிறவர்கள், சமையல் ஆர்டர் எடுக்கிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் வாரத்திலேயே கனமான நாள் ஞாயிறு. அரைப் பக்கத்தில் அது எப்படி அடங்கும்?

வங்கியிலும் கம்பெனியிலும் இலவசமாகக் கிடைக்கும் டைரிகளில் குறையொன்றும் இல்லை. இலவசமாக வந்துவிட்டதே என்று அதையே பிளானராக்கிக்கொள்வதுதான் பிரச்சினை. எனக்கு அப்படி வந்த ஒன்றில் முதல் நாற்பது பக்கம் விளம்பரமும் கிளை முகவரிகளும்தான். இப்போதெல்லாம் அவற்றை வீட்டுக் கணக்கு எழுத வைத்துக்கொள்கிறேன். தேதியும் தாளும் அதற்குப் போதும்.

போன வருடத் தேதியைப் பார்த்து எழுதாதீர்கள்

டைரியைத் தயார் செய்யும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். நம் வீடுகளில் இதன் வலியும் அதிகம். பழைய டைரியிலிருந்து பிறந்தநாள், கல்யாண நாள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து எழுதும்போது, திதியையும் நட்சத்திரப் பிறந்தநாளையும் அதே ஆங்கிலத் தேதியில் எழுதிவிடுகிறோம்.

அப்பா இறந்தது ஐப்பசி வளர்பிறை தசமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான். அதனால் அதே திதி அடுத்த வருடம் சுமார் 11 நாள் முன்னால் வரும். அப்படி வரும்போது ஐப்பசிக்கு வெளியே போய்விட்டால், ஐப்பசிக்குள் அடுத்து வரும் தசமியைத்தான் எடுக்க வேண்டும். அது போன வருடத் தேதிக்கு 18, 19 நாள் பின்னால் போய் நிற்கும். நட்சத்திரப் பிறந்தநாளும் இதேபோல் ஏறக்குறைய பத்து நாள் முன்னே நகரும், சில வருடம் பின்னே தாவும். சில வருடம் ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதியோ நட்சத்திரமோ இரண்டு முறை வருவதும் உண்டு.

எனவே புது வருடப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இவற்றைக் குறிக்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா, உங்கள் வீட்டில் எதைப் பின்பற்றுகிறீர்களோ அதையே பாருங்கள். இரண்டுக்கும் சில நாட்களில் வித்தியாசம் வரும். ஒரே மாதத்தில் திதி இரண்டு முறை வந்தால் வீட்டுப் பெரியவரையோ புரோகிதரையோ கேட்டுவிட்டு மையால் எழுதுங்கள், அதுவரை பென்சில். தேதியோடு "ஐப்பசி வளர்பிறை தசமி" என்று மூலத்தையும் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதைப் பார்ப்பவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம், அவருக்கு இது தெரிந்திருக்காது.

அச்சில் இருக்கும் விடுமுறை நாட்களையும் அப்படியே நம்ப வேண்டாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே புது வருடக் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிடும், அதாவது ஆகஸ்ட் முதல் வாரத்தில். சில டைரிகளும் அரசு விடுமுறைப் பட்டியல் வருமுன்பே அச்சுக்குப் போய்விடும். ரம்ஜான், பக்ரீத் தேதிகள் பிறை பார்த்து ஒரு நாள் தள்ளிப்போகலாம். அரசு அறிவித்த பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் ரயில் டிக்கெட் எடுக்கும்போது தடுமாற வேண்டாம்.

திரும்பத் திரும்ப வரும் கட்டணங்களை முதல் நாளே எழுதிவிடுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமாகக் கடைசி நாள் ஜூலை 31. முன்கூட்டியே வரி கட்டுகிறவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ம் தேதி. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ். வண்டி இன்ஷூரன்ஸ் முடியும் நாளுக்குப் பத்து நாள் முன்னால் ஒரு குறிப்பு.

அதற்கு மேல் எழுதாதீர்கள். டிசம்பர் 31 இரவு உற்சாகத்தில் தினமும் காலை 5 மணி நடை, ஒரு மணி நேர வாசிப்பு, இந்தி வகுப்பு என்று மார்ச் வரை நிரப்பினால், ஜனவரி மூன்றாம் வாரத்தில் டைரியைத் திறப்பதே கடன்காரரைப் பார்ப்பது போல ஆகிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் திட்டத்தை எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து அடுத்த ஏழு நாளை மட்டும் எழுதுங்கள். கலர் பேனா, ஸ்டிக்கர் எல்லாம் பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் எழுதிப் பழகிய பிறகு.

நாம் டைரி என்ற ஒரே சொல்லால் இரண்டு பொருளைச் சொல்கிறோம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது நாட்குறிப்பு, நடந்ததை எழுதிவைப்பது. பிளானர் என்பது நடக்க வேண்டியதை எழுதுவது. ஒரே பக்கத்தில் மனக்குறையையும் கேஸ் புக்கிங்கையும் எழுதினால் இரண்டுமே தேடும்போது கிடைக்காது. மனதில் உள்ளதை எழுத விருப்பமா, அதற்குத் தனி நோட்டு வையுங்கள். அதை வீட்டில் மற்றவர்கள் புரட்ட மாட்டார்கள் என்ற நிம்மதியும் கிடைக்கும்.

போனோடும் இதே குழப்பம்தான். டாக்டரைப் பார்க்கும் நேரம் போனில், பள்ளிக் கூட்டம் டைரியில் என்று சிதறவிட்டால் இரண்டையுமே நம்ப முடியாமல் போகும். மணி அடிக்க வேண்டியதற்குப் போனில் அலாரம் வையுங்கள். ஆனால் எல்லாத் தேதியும் தாளில் இருக்கட்டும்.

முன்பக்கத்தில் "சொந்த விவரங்கள்" என்று கேட்டிருப்பார்கள். பெயரும் ஒரு போன் நம்பரும் போதும். ஆதார் எண், பான் எண், ஏடிஎம் ரகசிய எண் எதையும் அங்கே எழுத வேண்டாம். டைரி பஸ்ஸில் தவறிப்போகக்கூடிய பொருள்.

நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் பக்கங்களைக் கிளிப் போட்டுச் சேர்த்துவிட்டு இன்றைய தேதியில் எழுதத் தொடங்குங்கள். பின்னோக்கி நிரப்ப உட்காராதீர்கள். அப்புறம், முடிந்த டைரியைப் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வாஷிங் மெஷின் எப்போது வாங்கியது, மருந்து எப்போது மாற்றினார்கள், சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த டிசம்பரில் கடைக்குப் போவதற்கு முன்பும் அது வேண்டியிருக்கும்.