அரசுப் பல் மருத்துவமனை வரிசையில் பல்லை இழக்காமல் இருக்க

பல்லைக் காப்பாற்ற அரசு மருத்துவமனைக்குப் போய், பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் ஏராளம். மருத்துவரின் அலட்சியத்தைவிட அங்குள்ள நேரக் கணக்குதான் இதற்குக் காரணம். சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்கக் கால் மணி, அரை மணி போதும். அதே பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வரவேண்டும். கடைவாய்ப் பல்லாக இருந்தால் மேலே கேப்பும் (பல்லை மூடும் உறை) போடவேண்டும். ஒரு நாற்காலி, ஒரு மருத்துவர், வெளியே நீளமான வரிசை. இந்த நிலையில் பிடுங்குவதுதான் முதலில் கையில் கிடைக்கும் சிகிச்சை.

பல் மருத்துவம் பொது மருத்துவத்திலிருந்து வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தனியாகவே தொடங்கியது. இன்றும் பல நாடுகளில் மருத்துவக் காப்பீடு வாய்க்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி வாய் நோய் உள்ளவர்கள் ஏறக்குறைய 350 கோடிப் பேர். ஆகவே வரிசை சீக்கிரம் குறையாது. அதில் எப்போது, எந்த நிலையில் போய் நிற்கிறோம் என்பதை மட்டும் நாம் மாற்றலாம்.

வரிசையில் நிற்கவே கூடாதவர்கள்

கீழ்த்தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம், விழுங்கச் சிரமம், மூச்சு விடக் கஷ்டம், வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமை, கண்ணை மூடும் அளவுக்குக் கன்னம் வீங்குவது, வீக்கத்தோடு காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் பிரிவின் டோக்கனுக்குக் காத்திருக்காமல் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், இரவானாலும். பல் வேரின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்குழாய் சில மணி நேரத்திலேயே அடைபடலாம்.

அடிபட்டு, நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் அதுவும் அவசரம்தான். வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ 10 விநாடி அலசி, குழியிலேயே திரும்பப் பொருத்தி, ஒரு துணியைக் கடித்தபடி ஓடுங்கள். பொருத்த முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. குழந்தையின் பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது. அடியில் வளரும் பல் கெட்டுவிடும்.

பதிவு மேசையில் என்ன சொல்வது

"பல் வலி" என்று மட்டும் சொன்னால் அன்றைய கூட்டத்தில் நீங்களும் ஒருவர். எந்தப் பல், எத்தனை நாள், எதனால் வலி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வீக்கம் உண்டா என்ற ஐந்தையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக: "இடது கீழ்ப்பக்கம், கடைசிக்கு முந்திய பல். நான்கு நாளாக. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஐந்து நிமிடம் வலிக்கிறது. ராத்திரி படுத்தால் தானாகவே வலிக்கிறது. வீக்கம், காய்ச்சல் இல்லை."

இதில் வலி நிற்கும் நேரம்தான் உயிர்நாடி. குளிர்ச்சி பட்டுச் சில விநாடியில் கூச்சம் அடங்கினால் உள்ளிருக்கும் நரம்பு பெரும்பாலும் பிழைக்கும். சொத்தையை நீக்கி அடைத்தால் போதும். அரை நிமிடத்துக்கு மேல் இழுத்தாலோ, ஒன்றும் படாமலே வலி கிளம்பினாலோ, படுத்தால் கூடினாலோ, நரம்பு பெரும்பாலும் மீள முடியாத நிலைக்குப் போயிருக்கும். பொதுவாக வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது என்ற இரண்டு வழிதான் மிச்சம். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே சில வாரமோ சில மாதமோ இருக்கும். கூச்ச நிலையிலேயே போய்ப் பெயரைப் பதிந்துவிடுகிறவருக்கு அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வலிக்கட்டும் பார்க்கலாம் என்று இருப்பவருக்குத்தான் வரிசை நீளம்.

நாள்கணக்கில் கொன்ற வலி ஒரு நாள் சட்டென்று நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம். அடுத்து வருவது சீழ்.

முதல் நாளிலேயே திருப்பி அனுப்பப்படுவதற்குப் பல்லோடு சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. ரத்த அழுத்தம் 180/110ஐத் தொட்டால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிவைப்பது பொதுவான வழக்கம். அதனால் வழக்கமான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அன்றும் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரத்துப்போகும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த மாத்திரை, செயற்கை இதய வால்வு, எலும்பு பலத்துக்கான மருந்து, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். எலும்பு மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. முடிந்தால், பரிசோதனைக்கு முன் சில மணி நேரம் வலி மாத்திரையைத் தவிருங்கள். மருந்து வலியை மறைத்துவிட்டால் எது கெட்ட பல் என்று கண்டுபிடிப்பதே சிரமம்.

"எடுத்துவிடலாம்" என்று சொன்னால்

சரி என்று தலையாட்டுவதற்கு முன், இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஈறுக்கு மேல் பல் எவ்வளவு மிச்சமிருக்கிறது, வேர் பிளந்திருக்கிறதா, பல் ஆடுகிறதா என்பதைப் பொறுத்தது பதில். ஈறு மட்டத்துக்கு உடைந்துபோன பல்லுக்காக வாதாடிப் பயனில்லை. எதிரே கடிக்கப் பல் இல்லாத கடைசிப் பல்லும் போனால் பெரிய இழப்பில்லை.

காப்பாற்றலாம் என்றால், வேர் சிகிச்சை இங்கேயே முடியுமா, கேப் இங்கேயே கிடைக்குமா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அரசு இடத்தில் வேர் சிகிச்சை செய்துகொண்டு, கேப்புக்கு வழியில்லாமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் மெல்லும் பாரத்தில் ஒரு நாள் வேர்வரை பிளக்கும். அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் கேப் இல்லாமல் அடைப்பே போதும். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் உடனே முடியாவிட்டால், பல்லின் மேல் முனைகளையும் மூடும்படி அடைப்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். கொஞ்ச காலம் தாங்கும். பாதியில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான். அதை மாதக்கணக்கில் விட்டால் எச்சில் உள்ளே கசிந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும்.

கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. பிடுங்குதல், அடைத்தல், காரை எடுத்தல், எக்ஸ்ரே எல்லாம் அரசு இடத்தில். கேப்பும் செயற்கைப் பல்லும் பல் மருத்துவக் கல்லூரியில் அல்லது வெளியில். எக்ஸ்ரே படத்தின் நகலையும் சிகிச்சைச் சீட்டையும் வாங்கிக்கொண்டால் அடுத்த இடத்தில் மறுபடி செலவாகாது.

கல்லூரி மருத்துவமனையில் மாணவர்கள் செய்வார்கள் என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்த பிறகே அடுத்த கட்டம். ஆனால் நேரம் தாராளமாக வேண்டும்: வெளியில் ஒரு மணியில் முடிவது அங்கே மூன்று மணி ஆகும். முதல் பரிசோதனையிலேயே உங்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மாணவர்களுக்கு இத்தனை செயற்கைப் பல், இத்தனை அடைப்பு என்று முடிக்கவேண்டிய எண்ணிக்கை இருக்கும். அவர்கள் தேடும் வேலை உங்கள் வாயில் இருந்தால் முறை முன்னால் வரும். தேர்வு, விடுமுறை நாட்களைக் கேட்டுவைக்காவிட்டால் வேர் சிகிச்சை நடுவில் நின்றுபோகும்.

அதிகம் பேர் கேட்காத இரண்டு எளிய சிகிச்சைகள் உண்டு. ஒன்று, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிக் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைப்பது. டிரில்லும் மின்சாரமும் இல்லாத இடங்களுக்காக 1980களில் தான்சானியாவில் உருவான முறை இது. இன்னொன்று சில்வர் டயமின் ஃபுளோரைடு: சொத்தை மேல் தடவினால் அது மேலும் பரவாமல் நிற்க உதவும், ஊசி, டிரில் எதுவும் இல்லை. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதனால் முன்பல்லுக்குத் தயங்குவார்கள். வெள்ளி ஒவ்வாமை இருந்தாலோ, பல்லில் ஏற்கெனவே சீழோ தானாக வரும் வலியோ இருந்தாலோ இது உதவாது. நாற்காலியில் அசையாமல் உட்காராத குழந்தைகளின் பால் பல்லுக்கும், வேர் தெரியும் முதியவர்களின் பல்லுக்கும் அருமையான மருந்து. இந்தச் சிமெண்டையும் சில்வர் டயமின் ஃபுளோரைடையும் ஃபுளோரைடு பேஸ்டையும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "இது இங்கே செய்வீர்களா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

முறை வரும்வரை

பெரியவர்களுக்கு, வேறு தடையில்லை என்றால், இப்யூபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராமும் சேர்ந்து பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். இப்யூபுரூஃபனைச் சாப்பாட்டுக்குப் பின் மட்டுமே எடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமைக்கான மருந்து உள்ளவர்களுக்கு அது ஆகாது. பாரசிட்டமால் ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஜலதோஷ மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும். ஈரலில் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே போய்ச் சேராது. ஆஸ்பிரினைப் பல்லோரம் ஒதுக்கி வைத்தால் ஈறு வெந்துபோகும். வீங்கிய கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் 10 நிமிடம் வைத்து எடுக்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். கிராம்பு எண்ணெயை ஒரு சொட்டு பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வையுங்கள், ஈறில் படாமல். மருந்துக் கடையில் கிடைக்கும் தற்காலிக அடைப்பை வலியில்லாத ஓட்டைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சீழுள்ள பல்லை மூடினால் அழுத்தம் ஏறி வலி பல மடங்காகும்.

மற்ற பற்களையும் அந்த நாட்களில் காப்பாற்றியாக வேண்டும். 1000 முதல் 1500 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், ஒரு நாளுக்கு இரு முறை, அதில் ஒன்று படுக்கப் போகுமுன். நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள்; கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். மூன்று வயதுக்குக் கீழ் ஒரு அரிசி அளவும், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும்.

பதிவு மேசையில் தொலைபேசி எண் கொடுக்கும்போது, யாராவது வராமல் போனால் அரை மணியில் வந்துவிடுவேன் என்று சொல்லிவையுங்கள். வராதவர்களின் இடம் தினமும் ஒன்றிரண்டாவது காலியாகும்.

பிடுங்கவே வேண்டியிருந்தால், பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். 24 மணி நேரத்துக்குக் கொப்பளிப்பது, உறிஞ்சிக் குடிப்பது, புகை மூன்றும் வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி குறையாமல் கூடிக் காதுவரை பாய்ந்தால், ரத்தக்கட்டி பெயர்ந்து குழி காய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் பொருள். பிடுங்கிய இடத்துக்கே போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள். பத்து நிமிட வேலை.