சிண்ட்ரெல்லாவின் ஒத்தைக் கொலுசு

என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. படக்கதையென்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அத்தியாயம் பிரித்த அறுபது பக்கப் புத்தகத்தை முதன்முதலில் கொடுத்தபோது மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டாள். தவறு என்னுடையது. கதையும் புதிது, ஆட்களும் புதிது, பக்கமும் அதிகம்.

இப்போது தெரிந்த கதையிலிருந்துதான் தொடங்குகிறேன். சிண்ட்ரெல்லாவோ தவளை இளவரசனோ, பழைய கதையை முதலில் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் ஒரு கதை தாராளமாக முடியும். பிறகு அதே கதையை மாற்றி எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று தேடும் ஆவலில் பிள்ளை அத்தியாயம் அத்தியாயமாகத் தாண்டிவிடும்.

வாங்குமுன் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் அது அடுத்த வருடத்துக்கான புத்தகம். தமிழில் பிள்ளைகள் திணறுவது நீளச் சொற்களில்தான். ‘பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு’ என்று வந்தால் பென்சிலால் கோடு போட்டு மூன்றாகப் பிரித்துக் காட்டுவேன். ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற மாயக் குள்ளனின் கதையே அவன் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அதனால் பெயரைத் துண்டு துண்டாகச் சிலேட்டில் எழுதி, இரண்டு நாள் பழகிய பிறகே புத்தகத்தைத் தொட்டோம்.

முதல் அத்தியாயத்தை நீங்கள் வாசியுங்கள். அடுத்ததில் ஆளுக்கு ஒரு பக்கம். மூன்றாவதிலிருந்து அவர்களே.

மாற்றினால் மூலக்கதை கெட்டுவிடும் என்று கவலைப்பட வேண்டாம். சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் உள்ளவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களுடைய 1812 தொகுப்பில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதிமேல் வளர்ந்த மரம் உடை தருகிறது, செருப்பு தங்கத்தில். அதில் அக்காமார் காலையே வெட்டிக்கொள்ளும் இடம் உண்டு. ஆகவே எந்தப் புத்தகமானாலும் நீங்கள் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அத்தியாயம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: “நீயா இருந்தா எதை மாத்துவே?”

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். முன்னறையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. “கண்ணாடிச் செருப்பு போட்டு ஆடினா உடையாதா அத்தை?” என்று கேட்டவள், பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஒத்தைக் கொலுசை விட்டுட்டுப் போகட்டும்.”

“கொலுசு யார் காலுக்கும் சேருமேடா, எப்படிக் கண்டுபிடிப்பான்?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். ஒரு கொலுசை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். “அவளோட கொலுசுல ஒரு மணி விழுந்துருச்சு. சத்தம் வேற மாதிரி வரும்.”

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் அத்தியாயம் போய்க்கொண்டிருக்கிறது. இளவரசன் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.