எச்டி பாக்ஸ் வந்தாச்சு, படமும் எச்டியில் வர வேண்டுமே!

எச்டி செட்டாப் பாக்ஸை மாட்டிவிட்டு பழைய மங்கல் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. பாக்ஸ் மட்டும் எச்டியாக இருந்தால் போதாது. சேனல், கேபிள், பாக்ஸ் செட்டிங், டிவி நான்கில் ஒன்று தவறினாலும் காசு வீண்.

முதலில் சேனல். சன் டிவி வேறு, சன் டிவி எச்டி வேறு. நம்பரும் வேறு, கட்டணமும் தனி. உங்கள் பேக்கில் எச்டி சேனல்கள் இருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். எல்லாச் சேனலையும் எச்டியில் வாங்க வேண்டாம், தினமும் பார்க்கிற நாலைந்து போதும்.

அடுத்து கேபிள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி கேபிளில் எச்டி வரவே வராது. பாக்ஸ், டிவி இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, எச்டிஎம்ஐ கேபிளை இரண்டிலும் செருகி, மறுபடி சுவிட்சைப் போட்டு, டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி அந்த எச்டிஎம்ஐ போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த கேபிளெல்லாம் தேவையில்லை, பாக்ஸோடு வந்ததே தாராளம்.

இப்போதுதான் பலர் விட்டுவிடுகிற இடம். பாக்ஸ் மெனுவில் வீடியோ செட்டிங்குக்குப் போய் ரெசல்யூஷன் 576-இல் நின்றால் 1080-க்கு மாற்றுங்கள், ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது படத்தின் அகல உயர விகிதம், 16:9. பழைய சாதாரணப் படத்தில் 720-க்கு 576 புள்ளிகள், முழு எச்டியில் 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக 5 மடங்கு! இந்த ஒரு செட்டிங்கை விட்டால் அவ்வளவும் போச்சு.

அப்புறம் டிவி. நியூஸ் சேனலில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்படுகிறதா? டிவி தானாகவே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டுகிறது என்று அர்த்தம். பிக்சர் மெனுவில் படத்தின் அளவை மாற்றும் இடத்தில், எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஸ்கிரீன் ஃபிட்' மாதிரி ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். 'விவிட்' மோடையும் மாற்றிவிடுங்கள், முகங்களின் இயல்பான நிறத்தையே அது கெடுத்துவிடும்.

படம் வந்து சத்தம் வரவில்லையென்றால் பாக்ஸ் மெனுவில் ஆடியோ வகையை டால்பியிலிருந்து, சாதாரண ஒலி வகையான பிசிஎம்-க்கு மாற்றிப் பாருங்கள்.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கனமழையில் சிக்னல் போவது சகஜம், அதற்காக மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். மழை விட்டும் வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.