கடல்பாசியும் நார்ச்சத்தும்: எங்கே கணக்கு தப்புகிறது?

நோன்பு மாதம் வந்தால் பரங்கிப்பேட்டை வீடுகளில் கடல்பாசி காய்ச்சாத நாள் குறைவு. பாலிலோ இளநீரிலோ காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டுத் துண்டு போடுவார்கள். இப்போது கடலூர், புதுச்சேரி மளிகைக் கடைகளில் அதே பாக்கெட்டை, சைனா கிராஸ் என்று கேட்டு, நார்ச்சத்துக்காகவே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அளவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஒரு லிட்டர் பால் இறுக 10 கிராம் கடல்பாசி போதும். அதில் சுமார் 8 கிராம் நார்ச்சத்து என்று வையுங்கள். ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே பாலில் 150 கிராம் சர்க்கரை போட்டிருந்தால் ஆளுக்கு 25 கிராம் வந்துவிடுகிறது, சர்க்கரையாக! கம்பு, கீரை, சுண்டலை விட்டுவிட்டு இதை நம்பினால் மலச்சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பாக்கெட்டின் பின்னால் கார்போஹைட்ரேட் என்று பெரிய எண்ணைப் பார்த்ததும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பயந்து கீழே வைத்துவிடுகிறார்கள். கடல்பாசியின் மாவுப்பொருள் அரிசியினுடையது போன்றதல்ல. கடல்பாசி என்று நாம் வாங்கும் அகர், சிவப்புப் பாசியில் உள்ள கேரகீனன், பழுப்புப் பாசியில் உள்ள ஆல்ஜினேட் மூன்றையும் உடைக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது. அதனால் அவை குளுக்கோஸாக மாறுவதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்களில் சிலவற்றால் மட்டும் சில வகைகளை உடைக்க முடியும். ஜப்பானில் சாப்பிடும் நோரி என்ற பாசியைச் சிதைக்கும் மரபணுக்களை ஜப்பானியர் சிலரின் குடல் பாக்டீரியாக்கள் கடல் பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருப்பது 2010-ல் தெரியவந்தது. அதனால் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு வயிறு உப்பலாகலாம். கொஞ்சமாகத் தொடங்குங்கள். மற்றபடி, பயப்பட வேண்டியது அதில் நீங்கள் சேர்க்கும் சர்க்கரைக்குத்தான்.

கடையில் விற்கும் ஜெல்லி எல்லாம் கடல்பாசி என்று நினைப்பதும் தவறு. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். நார்ச்சத்து துளியும் இல்லை. சந்தேகம் இருந்தால் கடலூர் மே மாத வெயிலில் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். ஜெலட்டின் உருகிவிடும். கடல்பாசியோ ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரி பக்கம் போனால்தான் மறுபடி இளகும். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் வேறு, அது மரத்தின் பிசின்.

எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடல்பாசி சரியாக இறுகாது. அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம் கடலூர் சில்வர் பீச்சில் ஒதுங்கும் பாசி. இயற்கையானது, இலவசம் என்று எடுத்துவந்து காயவைக்காதீர்கள். கடல்நீரில் இருக்கும் ஆர்சனிக், காட்மியம், ஈயத்தைப் பாசிகள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், கழுவினால் போகாது. சர்காசம் என்ற பழுப்புப் பாசி இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற பாசியை ஆர்சனிக் காரணமாகவே சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் எச்சரித்தது. ராமநாதபுரம் பக்கம் எடுக்கும் சர்காசம்கூட ஆல்ஜினேட் தயாரிக்கத்தான் போகிறது, சமையலுக்கு அல்ல.

அகர் பதப்படுத்தப்படும்போது அயோடின் பெரும்பாலும் போய்விடும். கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியின் பொடி, மாத்திரை அப்படியல்ல. நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கொம்பு (kombu) என்ற ஜப்பானியக் கெல்ப் பாசியில் ஒரு கிராமிலேயே அதைப் போலப் பல மடங்கு இருக்கும். தைராய்டு தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரையையும் நார்ச்சத்துப் பொடியையும் சேர்த்து விழுங்கினால் மாத்திரை உடம்பில் சேர்வதும் குறையலாம்.

அகர் பொடியை அப்படியே வாயில் கொட்டித் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கொதிக்கவைத்துக் கரைத்தே சாப்பிடுங்கள்.