போர்ட்லேண்ட் போனால் பள்ளிக்கூட பப்பில் எப்படி உட்காருவது

ஓரிகான் மாநிலம் போர்ட்லேண்டில் 1915-ல் கட்டிய கென்னடி தொடக்கப்பள்ளி 1975-ல் மூடப்பட்டது. 1997-ல் மெக்மெனமின்ஸ் நிறுவனம் அதை ஹோட்டலும் பப்பும் ஆக்கியது. வகுப்பறைகள் தங்கும் அறைகள், பழைய அரங்கம் சினிமா தியேட்டர், ஒரு பாருக்குப் பெயரே 'டிடென்ஷன்', அதாவது பள்ளி விட்டும் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் தண்டனை! (நம் ஊரில் பெஞ்ச் மேல் ஏறி நின்றவர்களுக்கு இது புரியும்.)

கோடையில் போவதுதான் சரி. ஜூலை, ஆகஸ்டில் மழை அபூர்வம், இரவு எட்டரை மணி வரைகூட வெளிச்சம் இருக்கும் என்பதால், உள்ளே இடம் தருகிறோம் என்றாலும் கொஞ்சம் காத்திருந்து வெளி முற்றத்து மேசையையே கேட்டு வாங்குங்கள். பர்கருடன் கேஜன் டாட்ஸ் சொல்லுங்கள், உருளைக்கிழங்கும் காரமும் சேர்ந்தது, நம் நாக்குக்கு ஒத்துவரும். பீரில் எடுத்தவுடன் முழு கிளாஸ் வேண்டாம். சின்னச் சின்ன கிளாஸ்களில் பல வகை வரும் டேஸ்டர் கேளுங்கள். கசப்பு பிடிக்காதவர்களுக்கு ராஸ்பெரி போட்ட ரூபி, காபி போலக் கறுப்பாக வேண்டுமென்றால் டெர்மினேட்டர் ஸ்டவுட்.

21 வயது ஆனதற்குச் சான்று கேட்பார்கள், நரைத்த தலையைப் பார்த்தும் கேட்கலாம், அதனால் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துப் போனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், இந்திய லைசென்ஸை நம்ப வேண்டாம். ஓரிகானில் விற்பனை வரி கிடையாது. ஆனால் டிப்ஸ் உண்டு, 18 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். அப்புறம், குடித்துவிட்டு வண்டி எடுக்காதீர்கள்.