வீட்டு முன்னால் நட்ட தேர்தல் சைன் காணாமல் போனால் என்ன செய்வது?

கனடாவில் தேர்தல் அறிவித்தால் போதும், ரொறன்ரோவின் ஸ்காபுறோ, அதற்கு அடுத்த மார்க்கம் பக்கம் புல்தரையெல்லாம் சைன்களாக, அதாவது வேட்பாளர்களின் விளம்பரப் பலகைகளாக நிற்கும். சில நாளில் ஒன்றிரண்டு காணாமல் போகும், சிலவற்றில் வேட்பாளருக்கு மீசை முளைத்திருக்கும். "பொடியளின்ர விளையாட்டு" என்று நாங்கள் விட்டுவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கீழே சொல்வது மத்திய அரசுத் தேர்தலுக்கான வழி. மாகாணத்துக்கும் நகரசபைக்கும் சட்டங்கள் வேறு.

படி 1: நட்ட இடம் சரியா?

காணாமல் போனதெல்லாம் களவு போனதல்ல. நடைபாதையோரப் புல்லை வெட்டுவது நீங்கள்தான், ஆனால் அந்த நிலம் பெரும்பாலும் நகரசபையுடையது. மின்கம்பத்திலும் மரத்திலும் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். விதி மீறிய சைனை அரச ஊழியர் அகற்றலாம், ஆனால் அதற்கு முன் அதை வைக்க அனுமதித்தவருக்கு அறிவிக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும். சந்தியில் சாரதியின் கண்ணை மறைப்பது போல ஆபத்தானதாக இருந்தால் சொல்லாமலே எடுக்கலாம். ரொறன்ரோவில் நகரசபையின் தகவல் இலக்கமான 311ஐ அழைத்து விசாரியுங்கள்.

படி 2: வாடகை வீடா, கொண்டோவா?

எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வீட்டுக்காரர் "என்ர வீட்டில கட்சிப் பலகை வேண்டாம்" என்றதும் பேசாமல் கழற்றிவிடுகிறார்கள். கனடா தேர்தல் சட்டத்தின் 322ஆம் பிரிவின்படி, நீங்கள் வாடகைக்கு எடுத்த பகுதியில் தேர்தல் சைன் வைப்பதை அவர் தடுக்க முடியாது. கொண்டோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) நிர்வாகமும் உரிமையாளரை அவருடைய யூனிற்றில் வைக்காதே என்று சொல்ல முடியாது. அளவு, வகை பற்றி நியாயமான நிபந்தனை போடலாம், லொபி போன்ற பொது இடங்களில் தடை செய்யலாம். அவ்வளவுதான். யன்னலில் ஒட்டியதைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டே பதில் எழுதுங்கள்.

படி 3: துடைக்க முன் படம்

வளைந்த கம்பிச்சட்டம், ஸ்ப்ரே பெயின்ற், கிழிந்த மூலை எல்லாவற்றையும் எடுங்கள். தெருவும் வீட்டிலக்கமும் தெரிய ஒரு படம் கட்டாயம் வேண்டும். வேட்பாளரின் உத்தியோகபூர்வ முகவர் அனுமதித்தது என்று சைனில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். அதையும் கிட்டத்தில் எடுங்கள். நாள், நேரத்தைக் குறித்து வையுங்கள். கதவுக் கமராவில் ஆள் பிடிபட்டிருந்தால் முகநூலில் போடாதீர்கள், பொலிசுக்குக் கொடுங்கள்.

படி 4: பிரசார அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு

சைன் அவர்களுடைய சொத்து. புதிதாக ஒன்று நட்டுத் தருவார்கள், இதே தெருவில் வேறு வீடுகளிலும் நடந்ததா என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

படி 5: முறைப்பாடு

அனுமதியில்லாமல் ஒரு தேர்தல் விளம்பரம் மக்களைச் சேராமல் தடுப்பதை கனடா தேர்தல் சட்டத்தின் 325ஆம் பிரிவு தடை செய்கிறது. இதற்கான முறைப்பாடு கனடா தேர்தல் ஆணையாளருக்குப் போக வேண்டும், இணையத்தில் படிவம் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தில் எடுத்துப் போவது களவு, சேதப்படுத்துவது சொத்துக்கு ஊறு விளைவித்தல். அதற்குப் பொலிசின் அவசரமில்லாத இலக்கம் போதும், 911 வேண்டாம்.

எதிர்க்கட்சிச் சைனைப் பிடுங்கிப் பழிவாங்கினால் இதே பிரிவுகள் உங்கள் மேலும் பாயும். கேட்காமலே உங்கள் முற்றத்தில் யாரும் நட்டுவிட்டால், குப்பையில் போடாமல் அந்த அலுவலகத்துக்குச் சொல்லி எடுப்பியுங்கள்.

வாக்களிப்பு முடிந்ததும் ரொறன்ரோவில் 72 மணித்தியாலத்துக்குள் சைன்களை அகற்றிவிட வேண்டும்.